தரைக்கு ஆள் தேவை

விளம்பரம் எழுத பூவராகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவன். பிறந்தநாளா, காதுகுத்தா, கட்சி மாநாடா, கண்ணீர் அஞ்சலியா, வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே எந்த நிறம், எத்தனை சிங்கம் என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் தன் சொந்த விளம்பரத்துக்கு ஒரே ஒரு ஆள் கிடைக்காமல் மூன்று மாதம் அல்லாடினான் என்றால் யார் நம்புவார்கள்?

விளம்பரம் இதுதான்.

"வெள்ளாறு விண்கப்பல் புறப்படத் தயார்! கேப்டன், மாலுமி, மருத்துவர் இடங்கள் நிரம்பிவிட்டன. தரை நிலையத்துக்கு மட்டும் ஆள் தேவை. சம்பளம் கிடையாது. சண்டை கிடையாது. மேலே போனவர்கள் பேசினால் கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். தமிழில் எழுதத் தெரிந்தால் போதும்."

இணையத்தில் ஆடுகிற ஆட்டம் அது. படம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, வெறும் எழுத்து. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தன் முறை வரும்போது தன் ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று நாலு வரி எழுத வேண்டும். கதையை இழுத்துக்கொண்டு போகிறவன் பூவராகன். அந்தக் கூட்டத்துக்கு 'மேசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேசை கூடும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ரொசாரியோ கேப்டன். நாகூரில் இயற்பியல் டீச்சராக இருக்கும் ஹமீதா கப்பலுக்கு வழி பார்ப்பவர். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் எஞ்சின், ஒருவன் வைத்தியம். தரைக்குத்தான் ஆளில்லை. வானத்தில் பறக்கலாம் என்று ஓடி வருகிறவனிடம், நீ கீழே உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிரு என்றால் எவன் நிற்பான்?

"மெஷின் ஆளப் போட்டுருங்கண்ணே," என்றான் ரொசாரியோ. "சும்மாதான குடுக்கான். சிரிக்கும், கோவப்படும், என்ன கேட்டாலும் பதில் சொல்லும்."

உண்மைதான். அந்தக் காலத்தில் எந்த ஆட்டத்திலும் ஆள் குறைந்தால் இயந்திர ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். மனிதனா இயந்திரமா என்று பாதிப் பேருக்குக் கண்டுபிடிக்கவும் தெரியாது, கண்டுபிடிக்கும் ஆசையும் போய்விட்டது.

"மத்த இடத்துக்கு வேணா போட்டுக்க. தரைக்குப் போட மாட்டேன்," என்றான் பூவராகன். "மேல போறவன் பேசினா கீழ ஒரு மனுசனாவது கேக்கணும்ய்யா. இல்லன்னா அது கப்பலா? தொலைஞ்சுபோன சாமான்."

இதில் அவன் ஒரே பிடிவாதம். அவன் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது கப்பலிலிருந்து யாராவது ஒருவர், "வெள்ளாறு பேசுகிறது. தரை கேட்கிறதா?" என்று எழுத வேண்டும். தரை, "கேட்குது" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தை வராமல் யாரும் தன் முறையை எடுக்கக் கூடாது.

கடைசியில் ஒருத்தி வந்தாள். குருவி என்று பெயர் போட்டிருந்தாள். கேப்டன் ஆகிறாயா என்று கூட ஆசை காட்டினார்கள், வேண்டாம், தரைதான் வேண்டும் என்றுவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தரையில் இருப்பவர் வெளியே நடமாடலாமா?"

இது என்ன கேள்வி என்று பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. "தாராளமா நடமாடுங்க. செருப்பு கூட வேணாம்," என்று எழுதினான். பதில் வர அரை மணி நேரம் ஆயிற்று. "நன்றி அண்ணே. செருப்பு வேண்டாம்," என்று வந்தது.

அவள் வந்த பிறகு மேசைக்கு ஒரு களை வந்தது என்னவோ நிஜம். மற்றவர்கள் எல்லாம் வெடிகுண்டு, விண்கல் மழை, எதிரிக் கப்பல் என்று எழுதித் தள்ளுவார்கள். தரையிலிருந்து இப்படி வரும்: "கேட்குது. இங்கே சாரல். நனைவதா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்குத்தான் பெய்கிறது. நிலையத்துக்கு வெளியே ஒரு மாடு சுவரொட்டியைப் பசையோடு நக்கித் தின்கிறது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்."

"கப்பல் தீப்பிடிச்சு எரியுது, இவ மாட்ட வேடிக்க பாத்துட்டு நிக்கா!" என்று குழு அழைப்பில் ரொசாரியோ சிரித்தான். குருவி மட்டும் குழு அழைப்புக்கு ஒருநாளும் வந்ததில்லை. எழுத்தோடு சரி.

சில சமயம் கப்பல் விஷயத்திலும் மூக்கை நுழைப்பாள். ஒருநாள் கேப்டன் கப்பலில் பிரியாணி விருந்து வைத்தார். உடனே தரையிலிருந்து, "இத்தனை மாதம் போன பிறகு நாக்கு செத்துப்போயிருக்கும் கேப்டன். ஊறுகாயை மோந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு வெங்காயத்தை நினைத்துக்கொண்டே தூங்குவீர்கள்," என்று வந்தது.

"தரையில உக்காந்திருக்கவளுக்குக் கப்பலப் பத்தி என்ன தெரியும்? கற்பனையே பத்தாது இவளுக்கு," என்றான் ரொசாரியோ. எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பூவராகனும்தான்.

வில்லங்கம் தாமதத்தில் வந்தது. ஆரம்பத்தில் குருவியின் பதில் அரை மணியில் வந்தது. போகப் போக முக்கால் மணி ஆனது. எட்டு மாதத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. ஒருநாளாவது சட்டென்று பதில் வந்தது என்று கிடையாது. ஒரு மணிக்குள் முறையை எடுக்காவிட்டால் அந்த முறை போச்சு, மூன்று முறை போனால் இடம் போச்சு என்பது மேசையின் சட்டம். போட்டவன் பூவராகன்.

"எனக்கு ப்ரேக்கே ஒரு மணி நேரந்தாண்ணே," என்றான் ரொசாரியோ. அவன் குரலில் சிரிப்பு இல்லை. "கிரேன விட்டு எறங்கி, சோறு கூட திங்காம போனத் தூக்குதேன். அவ 'கேட்குது'ன்னு சொல்லுததுக்குள்ள சங்கு ஊதிருதான். நானும் மனுசந்தான?"

பூவராகன் அவளைக் கேட்டுப் பார்த்தான். நெட் பிரச்சினையா, வேலை அதிகமா என்று நல்ல விதமாகத்தான் கேட்டான். பதில் வந்தது, வழக்கம்போல ஆற அமர.

"இங்கே கொஞ்சம் தூரம் அண்ணே. மன்னிச்சுக்குங்க. எடுத்து மட்டும் விட்டுராதீங்க."

"தூரம்னா எங்கீங்க, கொல்லிமலையா?" என்று சேலத்துத் தம்பி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவையும் தவறியது. பூவராகனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஒருத்திக்காகச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். எழுத உட்கார்ந்தான். விளம்பரக்காரன் அல்லவா, கை தன்பாட்டுக்கு ஓடியது: "தரை நிலையம் இன்றுடன் மூடப்படுகிறது. பணியில் இருந்தவர் விடுவிக்கப்படுகிறார். புதிய ஆள் தேவை." அவள் இடத்தை மூடினான். பழைய விளம்பரத்தைத் தூசி தட்டி மறுபடி போட்டான்.

மறுநாள் காலை கடையில் ஒரு காதுகுத்து பேனர் வேலை. கலியமூர்த்தி என்ற தாய்மாமன் தன் அக்கா மகளுக்காகக் கொடுத்தது. பிள்ளையின் படம் ஒரு பக்கம், மாமன் படம் ஒரு பக்கம், நடுவில் மூன்று சிங்கம். மாமன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"பூவராகன் சாருங்களா? உலகம்மாளோட அண்ணன்?" ஒரு பெண் குரல்.

"எனக்குத் தங்கச்சியே கெடையாதுங்க. ராங் நம்பர்."

"இருங்க சார், வச்சிராதீங்க. வெள்ளாறுங்கறது உங்க வீடுதானே?"

பூவராகனின் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது.

"நான் கம்பெனியோட குடும்ப நலப் பிரிவுலேர்ந்து ஷர்மிளா பேசறேன். உங்க வீட்டு முகவரி நேத்து மூடியிருக்கு. அவங்க அனுப்பினது திரும்பி வந்துருச்சு. அதான் கேக்கலாம்னு. வீட்ல எதாவது பிரச்சினைங்களா?"

"எந்தக் கம்பெனிங்க?"

"அவங்க உங்ககிட்ட சொல்லலையா? சரிதான், சொல்லக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா போட்டிக் கம்பெனி வந்துருமாம். உங்க வீட்டோட வச்சுக்குங்க. கல் உடைக்கற கம்பெனி சார்."

"கல் குவாரியா?"

"குவாரிதான். ஆனா பூமியில இல்ல. செவ்வாய்க்கும் அந்தாண்ட."

மாமனும் பிள்ளையும் திரையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மிளா சொல்லிக்கொண்டே போனாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு வீட்டு முகவரி. எழுத்து மட்டும் போகும், வரும். உலகம்மாள் தென்காசிப் பக்கத்துப் பெண். அம்மா பெயரைத்தான் கொடுத்திருந்தாள். அம்மா போன வருஷம் தவறிவிட்டாள்.

"அப்புறம் கொஞ்ச நாள் முகவரியே இல்லாம இருந்தாங்க. எட்டு மாசம் முன்னால உங்க முகவரியக் குடுத்தாங்க. யார் யார் இருக்காங்கன்னு கேட்டதுக்கு, 'அண்ணன், அக்கா, தம்பிங்க எல்லாரும் இருக்காங்க'ன்னு சொன்னாங்க. பெரிய குடும்பமோன்னு நெனச்சோம்."

"அங்க அவங்ககூட எத்தன பேருங்க?"

"மெஷினுங்க நெறைய இருக்கு சார். ஒரு கல்லுக்கு ஒரு ஆளுதான். அந்தக் கல்லுல அவங்க மட்டும்."

பூவராகன் முக்காலியில் உட்கார்ந்தான். "திரும்பி வந்துச்சுன்னீங்களே. என்ன எழுதியிருந்தாங்க?"

"ஒரே வார்த்தைதான் சார். 'கேட்குது'ன்னு."

அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஷர்மிளாவுக்கு அது புரியவில்லை. அவள் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. இன்று சாயங்காலத்தோடு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். அதற்குள் எல்லாக் குடும்பமும் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். "மூடினதத் தொறந்து வச்சு எழுதிக் குடுங்க சார். நான் வரிசைல சேக்கறேன்."

பூவராகன் முதலில் ஹமீதா டீச்சரைக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"அல்லாவே!" என்றார் அவர். பிறகு டீச்சர் குரல் வந்தது. "நானெல்லாம் இயற்பியல் நடத்துறேன்னு வெளிய சொல்லிக்கக் கூடாது தம்பி. எட்டு மாசமா அவ பதில் கொஞ்சங் கொஞ்சமா தள்ளிப் போச்சே, ஒரு நாளாச்சும் யோசிச்சேனா? பூமி ஒரு பக்கமா சுத்துது, அவ இருக்குற கல்லு ஒரு பக்கமா சுத்துது. நாம அவளவிட்டு வெலகிக்கிட்டே இருந்திருக்கோம். நாம எழுதுறது அங்க போக அரை மணி, அவ எழுதுறது இங்க வர அரை மணி. படிச்ச நிமிசமே பதில் போட்டாலும் ஒரு மணியத் தாண்டிரும்."

"அப்ப அவ தாமதமே பண்ணலியா டீச்சர்?"

"ஒரு நாளும் பண்ணல தம்பி. நம்ம எழுத்து வரும் வரும்னு கண்ணு முழிச்சு உக்காந்திருந்திருக்கா."

"இப்ப ஏன் பேச்சு நிக்கப் போவுதாம்?"

"சூரியன் குறுக்க வருது. நமக்கும் அவளுக்கும் நட்ட நடுவுல. பதினஞ்சு நாளைக்கு ஒண்ணும் போகாது, ஒண்ணும் வராது."

அதாவது, 'பணியில் இருந்தவர் விடுவிக்கப்படுகிறார்' என்பதுதான் அவளுக்கு வீட்டிலிருந்து கிடைத்த கடைசிப் பேச்சு. அதை வைத்துக்கொண்டு அவள் இரண்டு வாரம் இயந்திரங்களோடு தனியாகக் கிடக்க வேண்டும்.

ரொசாரியோ கிரேன் மேலே இருந்தான். "நான் அவளுக்குக் கற்பனையே பத்தாதுன்னு சொன்னேனேண்ணே," என்று மட்டும் சொன்னான்.

மதியத்துக்குள் எல்லோரையும் அழைப்பில் சேர்த்தாயிற்று. பூவராகன் எழுதியதைப் படித்துக் காட்டினான். "அன்புத் தங்கை உலகம்மாள் அவர்களுக்கு, எங்கள் நெஞ்சார்ந்த வருத்தத்தை..."

"நிறுத்துங்கண்ணே," என்றான் ரொசாரியோ. "கண்ணீர் அஞ்சலி பேனர் மாதிரி இருக்கு."

பூவராகனுக்குக் கோபம் வரவில்லை. அது அப்படித்தான் இருந்தது. "பின்ன என்னதான் எழுதறது? மன்னிப்புக் கேக்க வேணாமா?"

"கேக்கணும். ஆனா மன்னிப்ப வச்சுக்கிட்டு பதினஞ்சு நாள் அவ என்ன செய்வா? அவ இத்தன நாளா மாட்டப் பாத்தேன், மழையப் பாத்தேன்னு எழுதினாளே, அதெல்லாம் கண்ணால பாத்தா எழுதினா? நெனச்சு நெனச்சு எழுதியிருக்கா. இனி அவ நெனச்சு எழுத வேண்டாம். நாம பாத்து எழுதுவோம். இன்னிக்கு நாமதான் தரை."

அவரவர் இருந்த இடத்திலிருந்து வெளியே பார்த்தார்கள். மழையில் நனையலாமா என்று ஒருத்தி கற்பனையில் யோசித்துக்கொண்டிருந்த எட்டு மாதமும் அவர்கள் யாரும் ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

ரொசாரியோ எழுதினான்: "கேப்டன் இல்லை, ரொசாரியோ. கிரேன் மேலே இருக்கேன். இங்கேயிருந்து உப்பளம் தெரியுது. ஒரு அக்கா தலையில உப்புக் கூடையோட நின்னுக்கிட்டு, இன்னொரு அக்காகூட வாய்ச்சண்டை போடுதா. கூடைய எறக்கி வைக்கவே இல்ல. வெங்காயத்தப் பத்தி நீ சொன்னது சரி. என்னை மன்னிச்சுரு."

ஹமீதா டீச்சர், ஏழாம் வகுப்பில் ஒருத்தி டப்பாவில் கொடுக்காப்புளி கொண்டு வந்து பாட நேரத்தில் மாட்டிக்கொண்டதை எழுதினார். அதில் இரண்டைத் தானும் தின்றதாக எழுதினார். சேலத்து அண்ணன், கடை வாசலில் துணி பொம்மையின் நிழலில் படுத்துத் தூங்கும் நாயைப் பற்றி எழுதினான். அந்த நாய் ஒருத்தரையும் கடிக்காது, ஆனால் தம்பியை மட்டும் முறைக்கும் என்று சேர்த்தான்.

பூவராகன் திரையைப் பார்த்தான். "என் கடையில் ஒரு காதுகுத்து பேனர் அச்சாகிறது. நாளைக்கு விழா. பிள்ளைக்கு ஒரு வயசு. மாமன் மடியில் உட்காரவே மாட்டேன் என்கிறாளாம். காது குத்தும்போது என்ன ஆகுமோ தெரியவில்லை. உன் இடத்தைத் திறந்துவிட்டேன். இனி யார் சொன்னாலும் மூட மாட்டேன். தரை கேட்டுக்கொண்டிருக்கிறது, உலகம்மா." கடைசி வரியில் குருவி என்று எழுதக் கை போயிற்று. வேண்டாம் என்று பெயரை எழுதினான்.

அனுப்பினார்கள். சாயங்காலம் ஷர்மிளா கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"கடைசி நேரத்துல எல்லாக் குடும்பமும் அனுப்புது சார். ஒரே நெரிசல். உங்களது கிளம்பிருச்சு. ஆனா போய்ச் சேர்ந்துச்சா, சூரியன் முந்திக்கிச்சான்னு இப்பத் தெரியாது. மறுபடி தொறந்தாத்தான் தெரியும்."

அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று என்று பூவராகனைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மேசை கூடியது, ஆனால் கப்பலை யாரும் நகர்த்தவில்லை. தரை இல்லாமல் முறை எடுக்கக் கூடாது என்பதும் அவன் போட்ட சட்டம்தான், இந்தச் சட்டத்தை யாரும் முணுமுணுக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து, போதாத காலத்துக்கு, இப்போது பார்த்து மூன்று பேர் தரைக்கு வருகிறோம் என்று எழுதினார்கள். இடம் காலி இல்லை என்று மூவருக்கும் பதில் போட்டான். நடுப்பகலில் வெளியே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்து முறைப்பான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "என்னா பூவு, வெயிலா இருக்குன்னு பாக்கறியா?" என்பார்.

டீச்சர் சொன்ன நாள் வந்தது, போனது. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. ரொசாரியோ ப்ரேக்கில் கூப்பிட்டு, "வந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அதற்கடுத்த நாள் மதியம், பூவராகன் ஒரு கடைத் திறப்பு விழா பேனரில் ரிப்பன் வரைந்துகொண்டிருந்தபோது மேசையில் எழுத்து விழுந்தது.

"வெள்ளாறு பேசுகிறது. தரை கேட்கிறதா?"

குருவி இதுவரை ஒருநாளும் கப்பலிலிருந்து பேசியதில்லை. பூவராகனுக்குக் கண் மறைத்தது. அவன் விரல் எழுத்தைத் தேடுவதற்குள் தூத்துக்குடியிலிருந்து ஒரு 'கேட்குது' விழுந்தது. நாகூரிலிருந்து ஒன்று. சேலத்திலிருந்து இரண்டு. கடைசியாகத்தான் அவனுடையது போயிற்று. ஐந்தும் அவளுக்குப் போய்ச் சேர அரை மணி ஆகும். பரவாயில்லை, யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

அவள் பதிலுக்குக் காத்திருந்து எழுதவில்லை. கேட்பார்கள் என்று நம்பித் தொடர்ந்து எழுதியிருந்தாள். அடுத்த வரி சற்று நேரத்தில் வந்தது.

"நீங்க எழுதினது கடைசி நிமிஷத்துல வந்துச்சு. தினமும் படிச்சேன். உப்புக் கூடை அக்கா ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு நானே நாலு விதமா முடிச்சு வச்சிருக்கேன் ரொசாரியோ அண்ணே. அதெல்லாம் அப்புறம். பூவராகன் அண்ணே, காது குத்தினப்ப பிள்ள அழுதாளா? இத்தன நாளா அதே யோசனை."

பூவராகனுக்கு எப்படித் தெரியும்? பேனரை அச்சடித்துக் கொடுத்ததோடு சரி. விழாவுக்கு அவன் போகவில்லை. சும்மா ஒரு வார்த்தைக்கு அழுதாள் என்று எழுதிவிடலாம். எத்தனை பொய் எழுதியிருக்கிறான், நூறடி நீளத்துக்கு.

போனை எடுத்தான்.

"கலியமூர்த்தி அண்ணே, ஃப்ளெக்ஸ் கடை பூவராகன். இல்லல்ல, பாக்கியெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னிக்கு காது குத்தினப்ப பிள்ள அழுதாளா?"

"அழாமயா? ஊரையே கூட்டிட்டா! எம் மூஞ்சில ரெண்டு அறை. அப்புறம் காது குத்தின ஆசாரி சங்கு ஊதிக் காமிச்சாரு, பொசுக்குன்னு சிரிச்சுட்டா. எதுக்குப்பா கேக்கற?"

பூவராகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"வீட்ல கேக்கறாங்கண்ணே."